வீட்டுக் கடன் நோட்டீஸ்: செட்டில்மென்ட் ஏஜென்சியா, சட்டப் பணிகள் ஆணைக்குழுவா?

அடமான வீட்டை வங்கியே கையகப்படுத்தி ஏலம் விட வழிசெய்வது சர்பாசி சட்டம் (2002). அதன் 13(2) பிரிவில் வங்கியிடமிருந்து நோட்டீஸ் வந்தால் முழுத்தொகையைக் கட்ட 60 நாள் அவகாசம். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இந்த நாட்களை வீணடிக்காதவரிடம்தான் போக வேண்டும்.

வங்கியிடம் பேசிக் கடனைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் தனியார் செட்டில்மென்ட் ஏஜென்சிகள் "பாதிக் கடன் தள்ளுபடி" என்று சொல்லி முன்பணம் வாங்கும். சில, தவணையையே நிறுத்தச் சொல்லும். தயவுசெய்து கேட்காதீர்கள். அடமானமில்லாத தனிநபர் கடனில் பேரம் ஓரளவு எடுபடும். வீடு அடமானத்தில் இருந்தால் வங்கி ஏலம் விட்டே பணத்தை எடுத்துவிடும், அதற்கு இறங்கிவர அவசரமில்லை. குறைத்து முடித்தாலும் சிபிலில் (நம் கடன் வரலாற்றுப் பதிவு) 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் முடித்தது, என்று பதிவாகி அடுத்த கடனைத் தடுக்கும்.

இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவானாலும் வழக்கறிஞர் இலவசம். ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே முடிந்த சமரசத்துக்கு மேல்முறையீடும் கிடையாது. கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

லோக் அதாலத்தின் பெரிய குறை, வங்கி சம்மதிக்காவிட்டால் சமரசம் இல்லை. அங்கே மனு கொடுத்ததாலேயே ஏலமும் நிற்காது. வங்கி 13(4)இன்படி வீட்டைக் கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் (சென்னை, கோவை, மதுரை) 17ஆம் பிரிவில் மனு போட்டுத் தடை கேட்க வேண்டும்.

வீடு அடமானத்தில் இருந்தால் ஆணைக்குழுவே சரி. நோட்டீஸ், அது வந்த தபால் உறை, கடன் ஒப்பந்தம், கணக்கு அறிக்கை நான்கையும் முதல் நாளே கொண்டுபோங்கள்.