வில்பத்தா, குமனையா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து காட்டு மிருகம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு யானையும் பறவையும் போதுமென்றால் குமனை தேசிய பூங்காவே நல்லது. ஏப்ரல் முதல் ஜூலை வரை குமனை வில்லில் (வில்லு என்றால் இயற்கையான ஏரி) கூழைக்கடாவும் நாரைகளும் கூடு கட்டும். பொத்துவில், பாணமை தாண்டினால் உகந்தை வாசல். அறுகம்பையில் ஜீப் பேசினால் ஒரே நாளில் வீடு திரும்பலாம்.

கரடியும் சிறுத்தையும்தான் ஆசையென்றால் தூரத்தைப் பார்க்காமல் வடமேற்கே வில்பத்துக்குப் போங்கள். குமனையிலும் இரண்டும் உண்டு. ஆனாலும் என் வாக்கு வில்பத்துக்குத்தான். சுமார் 1,317 சதுர கிலோமீற்றர், நாட்டின் ஆகப் பெரிய தேசிய பூங்கா. நம்மூரில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே சின்ன மடுக்கள் வற்றிவிடும். தண்ணீர் மிஞ்சிய வில்லுகளுக்கு மிருகம் வந்தே ஆகவேண்டும். மாரியில் எங்கும் தண்ணீர், மிருகமும் சிதறிவிடும்.

இதில் முக்கியம் நேரம். வில்பத்துக்கு அரைநாள் ஜீப் பேசாதீர்கள். ஹுனுவில்கம வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6க்குள் வெளியே வரவேண்டும். உள்ளே மணல் பாதை, வில்லுக்கு வில்லு தூரம். அரைநாள் ஓட்டத்திலேயே கழிந்துவிடும். முழுநாள் எடுத்தால் வெயில் தணிந்தபின் ஒரே வில்லோரம் காத்திருக்கலாம். கடலோரத்துக் குதிரைமலையையும் அதே நாளில் சேர்க்கவேண்டாம். போய்வரும் நேரம் காத்திருக்கும் நேரத்தைத் தின்றுவிடும். எஞ்சினை நிறுத்தி அரைமணி நிற்பாரா என்று சாரதியிடம் முதலே கேளுங்கள். புள்ளிமான்கள் வாலைத் தூக்கி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கத்தினால் அந்த இடத்தைவிட்டு அசையாதீர்கள். பக்கத்தில் சிறுத்தை இருக்கலாம். கண்ணில் படுமென்று யாரும் உறுதி தரமுடியாது.

மட்டக்களப்பிலிருந்து அன்றே போனால் விடியற்காலை கைதவறும். முதல்நாளே பொலன்னறுவை, ஹபரணை வழியாக அனுராதபுரம் போய்த் தங்குங்கள். அடையாள அட்டை, ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர், மதியச் சாப்பாடு கையில் இருக்கட்டும். சாப்பாட்டைப் பொலித்தீனில் கட்டாமல் டப்பாவில் போடுங்கள்.

கரடிக்கென்றே போவதானால் பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலையில் போங்கள். விழுந்த பழம் பொறுக்க மரத்தடிக்கு வரும், கொப்பிலும் ஏறும். அடிமரத்தில் புதிய நகக்கீறல், பழக்கொட்டை நிறைந்த எச்சம் கண்டால் அங்கேயே நில்லுங்கள். பாலை எல்லா வருடமும் ஒரே அளவு காய்க்காது. ஜீப் பேசும்போதே இந்த வருடம் காய் எப்படி என்று விசாரித்துவிட்டு நாள் குறியுங்கள்.