பேட்டரி இரண்டு மாற்றியாச்சு, கோளாறு கனெக்டரில்: புதுச்சேரியில் போர்டு இல்லாத ஒரு ஒர்க்‌ஷாப்

என்னிடம் இருப்பது 2017 மாடல் கவாசாகி நிஞ்ஜா 1000 பைக். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். இந்த மாதிரி வண்டியை எங்கள் ஊர்ப்பக்கம் வைத்திருப்பவர்களுக்கு என் கஷ்டம் தெரியும். எந்தக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் இரண்டு முறை சுற்றி வந்து பார்ப்பார்கள், மைலேஜ் எவ்வளவு என்று கேட்பார்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் "சென்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க சார்" என்பார்கள்.

2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் மழையும் தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்து வந்தபோது வண்டி ஒரு ராத்திரி முழுக்க அச்சு வரை தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகுதான் தொல்லை. காலையில் பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும். ஒரு இடத்தில் பேட்டரி போச்சு என்று புதுசு போட்டார்கள். நாலு மாதத்தில் அதுவும் படுத்துவிட்டது. இன்னொரு இடத்தில் இன்னொரு பேட்டரி. சென்னையில் ஒருவர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஸ்டேட்டர்தான் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற காயில்), மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார், கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

நண்பன் ஒருவன் சொல்லித்தான் புதுச்சேரியில் இந்த இடத்துக்குப் போனேன். இந்திரா காந்தி சிலையில் இருந்து வில்லியனூர் ரோட்டில் போய் மூலக்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சந்து. போர்டே கிடையாது, தகர ஷெட், வாசலில் எப்போதும் ரெண்டு மூன்று பெரிய வண்டிகள் பிளாஸ்டிக் எல்லாம் கழற்றி எலும்புக்கூடாக நிற்கும், அதுதான் அடையாளம்.

மெக்கானிக் ஸ்பேனரையே எடுக்கவில்லை. சீட்டைத் தூக்கி பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தார், 12.6 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், ஹெட்லைட் எரிய 4,000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொன்னார். 14க்கு மேல் ஏற வேண்டியது 12.9ஐத் தாண்டவில்லை. "பேட்டரி நல்லாத்தாண்ணா இருக்கு, சாப்பாடு போகல" என்றார். அடுத்து ஸ்டேட்டரில் இருந்து வருகிற மூன்று ஒயரைப் பிரித்து இரண்டிரண்டாக ஏசி வோல்ட் அளந்தார், மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒயருக்கும் பாடிக்கும் நடுவே கன்டினியூட்டி (கரண்ட் கசிகிற தொடர்பு) இருக்கிறதா என்றும் பார்த்தார், இல்லை. ஸ்டேட்டர் நல்லது. கடைசியில் ரெகுலேட்டருக்கு (ஸ்டேட்டர் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பெட்டி) போகிற கனெக்டரை இழுத்து என் கையில் கொடுத்தார். ஒரு பின் மட்டும் பச்சை பூத்து, அதைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது. நான் வெள்ளத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவர் கேட்கவில்லை, தண்ணி இவ்வளவு உயரம் ஏறவே இல்லையே, இது பல வருஷ உப்புக்காத்து வேலை, பின் அரித்துப் பிடிமானம் குறைந்தால் அந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் லூஸாகும் என்றார். பழைய கனெக்டரை வெட்டிவிட்டுப் புது டெர்மினல் கிரிம்ப் பண்ணி, கிரீஸ் வைத்து மூடினார். மறுபடி மீட்டர் வைத்தால் 14.3. இதற்குக் கூலி 600 ரூபாய். இரண்டு பேட்டரிக்கு நான் கொடுத்ததைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

வந்தது வந்தோம் என்று வால்வ் கிளியரன்ஸும் (வால்வுக்கும் அதை அழுத்துகிற கேமுக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி) பார்க்கச் சொன்னேன். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது, எனக்கு விற்றவர் பார்த்ததற்கான சுவடே இல்லை. இந்த இன்ஜினில் அந்த இடைவெளி குறைந்து வால்வ் இறுகினால் சத்தமே வராது, நன்றாக ஓடுகிற மாதிரிதான் இருக்கும், சரியாக மூடாத எக்ஸாஸ்ட் வால்வ் மெதுவாகக் கருகும். உடனே கழற்றுவார் என்று நினைத்தேன், முடியாது என்றுவிட்டார். சூட்டில் எடுத்த அளவு பொய், இன்ஜின் ராத்திரி முழுக்க ஆற வேண்டும். வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, "அண்ணா, நீங்களே வந்து பாத்துடுங்க" என்று போன். போனால் ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் 16 கட்டம் போட்டு வைத்திருந்தார், வால்வுக்கு ஒரு கட்டம். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) செருகி என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார், எண்ணெய்த் தாளை இரண்டு விரலுக்கு நடுவே உருவுகிற மாதிரி லேசான பிடிப்பு இருக்க வேண்டுமாம். எக்ஸாஸ்டில் 0.22 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, மூன்றில் கீழே போயிருந்தது, ஒன்று 0.18. கேம்ஷாஃப்டைத் தூக்கி ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கிற சின்ன வட்டத் தகடு) எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால், ஒரு வால்வில் கழற்றியது பக்கத்து வால்வுக்கே பொருந்தியது. அதனால் புதுசாக இரண்டுதான் வாங்கினோம். மூன்றையும் வாங்கச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன தெரியப்போகிறது?

பின்சக்கர பிரேக்கில் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்துகிற பாகம்) நகர்கிற பின் இறுகியிருந்ததையும் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார், பிரேக் ஆயில் மாற்றினார். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, குறைகள். இரண்டு நாள் என்றார், ஆறு நாள் ஆனது. வால்வ் கவர் கேஸ்கெட் சென்னையில் இருந்து கூரியரில் வர வேண்டியிருந்தது என்பது நியாயம், ஆனால் அந்த நாட்களில் போனை எடுக்கவே இல்லை. ஃபேரிங் (வண்டியை மூடுகிற பிளாஸ்டிக்) ஸ்க்ரூ ஒன்று நிறம் மாறி வந்திருக்கிறது, ஒரு கிளிப் உடைந்திருக்கிறது (அதை அவரே சொன்னார்). வாட்டர்வாஷ் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், என் டேங்கில் கிரீஸ் கைரேகையோடு ஓட்டி வந்தேன். உட்கார ஒரு ஸ்டூல், அதிலும் பூனை. பில் என்பது அந்த நோட்டில் கிழித்த ஒரு தாள்: கனெக்டர் வேலையும் சேர்த்து மொத்தம் 11,800.

ஐந்து நட்சத்திரத்துக்கு நாலு தருவேன், ஒன்று அந்த எடுக்காத போனுக்காகக் கழித்தது. போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஷெட் பூட்டியிருக்கும். நம்மூரைவிட அங்கே பெட்ரோல் விலை குறைவு, திரும்பும்போது டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரில் ஒரு குட்டி வோல்ட்மீட்டர் மாட்டிவிட்டேன், கிருமாம்பாக்கம் தாண்டும்போதும் குனிந்து பார்த்தேன், 14.2.