இரண்டாவது வரியில் சென்னை

மண்டலேயில் இருக்கும் மச்சான் போன வாரம் போன் போட்டு, "ஒன் கம்ப்யூட்டர்ல ஓரமா மெட்ராஸ் மணியும் சேந்து ஓடுமே, அது என்ன சாஃப்ட்வேர்? நானும் போடட்டுமா?" என்று கேட்டான். அன்றைக்கு இருந்த எரிச்சலில், "ஒண்ணும் வேணாம், சுவத்துல ரெண்டு கடிகாரம் வாங்கி மாட்டு" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு, அப்படிச் சொன்னது நியாயமில்லை என்று பட்டது.

எனக்கு ரங்கூனில் உளுந்துத் தரகு. மொகல் தெருவுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஆபீஸ். எஃப்.ஏ.க்யூ என்ன விலை, எஸ்.க்யூ என்ன விலை (உளுந்தின் இரண்டு தரங்கள், முதலாவது சாதாரணம், இரண்டாவது உயர்தரம்) என்று காலையில் சென்னையிலிருந்து போன் ஆரம்பிக்கும். அவர்கள் "பத்து மணிக்குச் சொல்றேன்" என்றால் அது எனக்குப் பதினொன்று. ஒரு மணி நேரக் கணக்குக்கு ஒரு நிரலா என்று சிரிக்காதீர்கள். துபாய்க்காரருக்கு இரண்டரை மணி கழிக்கணும், சிங்கப்பூருக்கு ஒன்றரை கூட்டணும். 97 பாகை 30 கலை தீர்க்கரேகையை வைத்து இந்த நாட்டுக்கு நேரம் குறித்தவர்கள் அந்த அரை மணியை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பேரம் நடக்கும்போது மனசுக்குள் கழித்துப் பார்த்து, ஒரு தடவை அரை மணி தப்பி, இரண்டு கன்டெய்னர் சரக்கு கைநழுவிப் போனது.

விண்டோஸிலேயே கூடுதலாக இரண்டு ஊர் மணி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, தெரியும். ஆனால் மவுஸைக் கொண்டுபோய் மணியின் மேல் நிறுத்தினால்தான் அது தலைகாட்டும். இடது கையில் போன், வலது கையில் பேனா. மூன்றாவது கைக்கு எங்கே போவது?

ஆபீஸில் இருக்கும் பழைய மேசைக் கணினி விண்டோஸ் 10. அதில் டி-கிளாக் என்ற கடிகார நிரல் பல வருஷமாக ஓடுகிறது. இன்ஸ்டால்கூடப் பண்ண வேண்டாம், ஃபைலைத் திறந்தால் போதும். எழுத்தைப் பெரிசாக்கி, மஞ்சளாக்கி, விநாடியும் ஓடவிட்டேன். கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. லேப்டாப்பில் விண்டோஸ் 11. திரையின் அடியில் மணி காட்டும் பட்டையான டாஸ்க்பாரையே 2021-இல் அடியோடு மாற்றி எழுதிவிட்டதால், பழைய மணி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் டி-கிளாக்குக்கு அங்கே உட்கார இடமே இல்லை. அதனால்தான் விண்டோஸை நம் இஷ்டத்துக்கு மாற்ற உதவும் வின்ட்ஹாக் என்ற நிரலும், அதற்குள் போடும், கடிகாரத்தை மாற்றும் சின்னத் துணை நிரலும் ("மோட்" என்பார்கள்). இரண்டும் இலவசம். மேல் வரியில் ரங்கூன், கீழ் வரியில் சென்னை. போட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

நல்லது எது என்று கேட்டால், நான் எதிர்பாராத ஒன்று. கிழமைப் பெயர்களை நம் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். ஞாயிறு, திங்கள் என்று தமிழில் அடித்து வைத்தேன். கணக்கு எழுதும் பர்மியப் பெண் அதை எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கும் பர்மிய மொழியில் வேண்டும் என்றாள். எழுதிக் கொடுக்க உட்கார்ந்தால், பெட்டியில் இடம் ஏழு, அவள் கணக்கில் கிழமை எட்டு! புதன்கிழமை நடுப்பகலோடு புதன் முடிந்து ராகு தொடங்கிவிடும். இங்கே ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவில் போய்ப் பாருங்கள், புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை, மாலைக்குத் தந்தமில்லாத யானை, தனித்தனி மூலை. நமக்கும் புதன்கிழமை ராகுகாலம் 12 மணிக்குத்தானே தொடங்குகிறது? நமக்கு ஒன்றரை மணி நேரத்தில் விலகிவிடும், அவர்களுக்கு அது ஒரு கிழமையாகவே நின்றுவிட்டது. கடைசியில் புதனுக்கு நேராக இரண்டு பெயரையும் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். வேறு எந்த சாஃப்ட்வேராலும் ஆபீஸில் இவ்வளவு சிரிப்பு வந்ததில்லை.

இனி எரிச்சல். விண்டோஸ் அப்டேட் வந்தால் டாஸ்க்பாரின் உள் ஃபைல்கள் மாறும். எதை எங்கே தொடுவது என்று மறுபடி கண்டுபிடிக்க, வின்ட்ஹாக் அதற்கு வழிகாட்டும் சிம்பல் ஃபைலை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். நல்ல இணையம் இருக்கும் ஊரில் இது நடந்ததே தெரியாது. இங்கே கரண்ட் முறைவைத்து வரும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். மூலையில் "இறக்கிக்கொண்டிருக்கிறது" என்று அறிவிப்பு நிற்கும், நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். அதுவரை சென்னை வரி இல்லை, வெறும் மணிதான். சரியாக அன்றைக்குத்தான் சென்னைக்காரர், "நாலரைக்கு லைன்ல வாங்க சார்" என்பார். யாருடைய நாலரை?

குறை நிரலின் மேல் இல்லை என்று எனக்கே தெரியும். விநாடி காட்டும் வசதியை விண்டோஸ் 11 இப்போது தானே தருகிறது, பக்கத்திலேயே மின்சாரம் கூடுதலாகச் செலவாகும் என்று எழுதியும் வைத்திருக்கிறது. இன்வர்ட்டரை நம்பிப் பிழைக்கிறவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா!

மச்சான் போன் செய்த அன்று நடந்தது வேறு. பழைய மேசைக் கணினியில் மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. ஸ்விட்சில் கரண்ட் இருக்கும்வரை உள்ளே மணி அந்தக் கரண்டிலேயே ஓடும். கரண்ட் போனால் அந்தக் காசு அளவு சிஆர்2032 பேட்டரிதான் தாங்கணும். நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஊரில் அது எத்தனை காலத்துக்குத் தாங்கும்? காலையில் கணினியைப் போட்டால் 2015 ஜனவரி 1, டி-கிளாக்கின் பெரிய மஞ்சள் எழுத்தில், விநாடி சுத்தமாக. நான் கவனிக்கவில்லை. பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்க மறுத்தது, இணையம்தான் கெட்டுவிட்டது என்று அதைத் திட்டிக்கொண்டே ப்ரோஃபார்மா (சரக்குக்கு முன்னாடியே அனுப்பும் விலைச்சீட்டு) அடித்து லேப்டாப்பிலிருந்து அனுப்பிவிட்டேன். "என்ன சார், பழைய விலைக்கே குடுக்கறீங்களா?" என்று சென்னையிலிருந்து கேலி வந்த பிறகுதான் தேதியைப் பார்த்தேன். பேட்டரியை மாற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சரி மச்சான், கேட்டதற்குப் பதில். வின்ட்ஹாக்கைப் போடு. கரண்டும் நெட்டும் சேர்ந்து இருக்கும் நேரம் பார்த்துப் போடு, விண்டோஸ் அப்டேட்டை சனிக்கிழமை சாயங்காலத்துக்குத் தள்ளி வை. மார்க் கேட்டால் பத்துக்கு நாலு. நேற்று கேட்டிருந்தால் எட்டு போட்டிருப்பேன், நேற்று நாள் பூரா கரண்ட் இருந்தது. இன்றைக்கு அப்டேட் வந்திருக்கிறது. இதை அடிக்கிற நேரத்தில் மூலையில் அதே அறிவிப்பு நிற்கிறது, கீழ் வரி காலி.