பெரிய கூடையா, திறந்த அலமாரியா, பாதியை ஒளித்து வைப்பதா?

இரவு படுக்கும் முன் தரையில் கிடக்கும் பொம்மைகளை எடுத்து வைக்க எத்தனை நிமிடம் ஆகிறது? அதை யார் செய்கிறார்கள்? மறுநாள் காலை பிள்ளை அவற்றை எடுத்து நிஜமாகவே விளையாடுகிறதா? பொம்மை ஒழுங்குக்கு யார் என்ன வழி சொன்னாலும் இந்த மூன்று கேள்விகளை வைத்துத்தான் எடை போடுகிறேன். மூன்று வழிகளையும் வீட்டில் பார்த்தாகிவிட்டது.

முதலில் வந்தது பெரிய கூடை. இரவுக் கணக்கில் அதை அடிக்க ஆளில்லை. இரண்டே நிமிடம், வாரிப் போட்டால் முடிந்தது. சிக்கல் காலையில்தான். ரயிலின் ஒரு பெட்டி வேண்டும் என்றால் மகள் தேடமாட்டாள், கூடையை அப்படியே கவிழ்ப்பாள். தரை நிறைந்ததும், தேடிய பெட்டியை மறந்து வேறு எதையோ கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அடிவரை கொட்டிப் பார்த்தேன்: தனிச் சக்கரம் ஒன்று, மூடியில்லாமல் காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனா, எந்தப் படத்தைச் சேர்ந்தது என்றே தெரியாத புதிர்த் துண்டு, இத்தனைக்கும் மேலே பூசினாற்போல் உலர்ந்த களிமண் தூள். கூடைக்குப் பதில் மூடி போட்ட மரப்பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கனமான மூடி தானாக விழுந்தால் பிள்ளையின் கழுத்தும் விரலும் மாட்டிக்கொள்ளும். பிள்ளையே உள்ளே இறங்கி ஒளிந்துகொள்வதும் உண்டு. மூடி இல்லாததே மேல்.

அடுத்தது தாழ்வான திறந்த அலமாரி. 1907இல் ரோமின் சான் லோரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய பள்ளியில் பொருள்களை முதலில் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட, பிள்ளைகளே வேண்டியதை எடுத்து வேலையில் இறங்கிவிட்டார்கள். தாழ்வான, பூட்டில்லாத அலமாரி அதன் பிறகு வந்ததுதான். கண்ணுக்குத் தெரிந்தால் எடுப்பார்கள், இடம் தெரிந்தால் திருப்பி வைப்பார்கள் என்பதுதான் கணக்கு.

கணக்கு சரி, நான் போட்டதுதான் தப்பு. இருந்த பொம்மை அத்தனையையும் அலமாரியில் ஏற்றினேன். பன்னிரண்டு டப்பா, ஒவ்வொன்றிலும் படம் ஒட்டிய சீட்டு: விலங்குகள், வண்டிகள், கட்டைகள்... முதல் நாள் இரவே மகள் கேட்டாள்: “அப்பா, வண்டி ஓட்டுற கரடியை எதுல போடறது?” எனக்குப் பதில் தெரியவில்லை. வகை பிரிப்பது பெரியவர்களின் ஆசை. அதனால் அந்த வேலையும் பெரியவர்கள் தலையில்தான் விழும். இரவு இருபது நிமிடம், அதுவும் நான் செய்தால். (அலமாரி வைப்பவர்கள் அதைச் சுவரோடு திருகி முடுக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது ஏணி, ஏறினால் சாயும்.)

ஆக, கூடை, அலமாரி இரண்டிலுமே பிரச்சினை எங்கே வைப்பது என்பதில் இல்லை. ஒரே நேரத்தில் வெளியே கிடப்பது எத்தனை என்பதில் இருக்கிறது. மூன்றாவது வழி அங்கேதான் கை வைக்கிறது: பாதிக்கு மேல் எடுத்து ஒளித்துவிட்டு, அவ்வப்போது மாற்றுவது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குட்பட்ட 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதை வைத்து விதவிதமாகவும் விளையாடினார்கள். சின்னக் குழந்தைகளிடம், ஓர் அறைக்குள், சிறிது நேரம் பார்த்தது அது. ஏழு வயதுப் பிள்ளை பாதி கட்டி வைத்திருக்கும் கோட்டையை இதைக் காட்டிக் கலைத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பெட்டிகள். ஒன்றில் உள்ளது வெளியே அலமாரியில், மற்ற இரண்டும் கண்ணில் படாத பரணில். மாற்றுவதற்குத் தேதி கிடையாது. ஒரு பொம்மை நாலைந்து நாள் தொடப்படாமல் கிடந்தால் அது மேலே போகும், வேறொன்று இறங்கும். திரும்பி வரும் பழைய பொம்மைக்குப் புதிதுக்குக் கிடைக்கும் வரவேற்பு. தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மை மட்டும் இந்தச் சுழற்சியில் சேராது, அதில் கை வைத்தால் அன்றைக்கு யாருக்கும் தூக்கமில்லை. கட்டைகளையும் பாதியாகப் பிரிக்காதீர்கள். பாதிக் கட்டையில் பாலம் பாதியில் நிற்கும். மேலே ஏற்றும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் பொம்மையே போய்விடும். பொத்தான் பேட்டரி உள்ள பொம்மை உடைந்திருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும்.

அலமாரியில் இப்போது எட்டு பொம்மைகள். இரவு ஐந்து நிமிடம், மகளே செய்கிறாள்.

ஒளித்து வைப்பதற்கு இன்னொரு லாபமும் உண்டு. பிள்ளைக்குத் தெரியாமல் தூக்கிக் கொடுத்துவிடலாமே என்று எல்லோருக்கும் ஒருமுறை தோன்றும். ஆறு மாதம் சீண்டாத பொம்மையை மறுநாள் காலை சரியாகக் கேட்பார்கள். இரண்டு சுற்று மேலேயே இருந்தும் கேட்கப்படாதது எதுவென்று பெட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பிள்ளையிடம் சொல்லியே கொடுக்கலாம். உடைந்ததையும் துண்டு குறைந்ததையும் கொடுக்காதீர்கள், நம் வீட்டுக் குப்பை இடம் மாறும், அவ்வளவுதான்.

மூன்று சக்கர சைக்கிள் மாதிரிப் பெரிய சாமான்களுக்குப் பொம்மைகளை இரவல் தரும் நூலகம் கிடைத்தால் நல்லது. லாஸ் ஏஞ்சலிஸில் 1935இலேயே பொம்மை இரவல் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனியில் சில மழலையர் பள்ளிகள் மூன்று மாதம் பொம்மையே இல்லாமல் நடத்திப் பார்த்திருக்கின்றன. அங்கே பிள்ளையோடு சேர்ந்து விளையாட ஒரு வகுப்பே இருக்கிறது. வீட்டில் செய்தால் அந்த வகுப்பு நீங்கள்தான்.

கூடையை நான் தூக்கிப் போடவில்லை. துணிப் பொம்மைகளுக்கு அது போதும்: உடையாது, துண்டு தொலையாது, கவிழ்த்தாலும் நஷ்டமில்லை. கரடி இப்போது அதில்தான் கிடக்கிறது. வண்டி அலமாரியில் நிற்கிறது. இரண்டையும் பிரித்து வைத்தது மகள்.