கேம் டிசைன் துறைகளின் விருந்தினர் உரைகள், பயிலரங்குகள்: எதற்கு நேரம் கொடுக்கலாம்?

அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) 2014இல் நடத்திய 'கிரியேட்டிங் வீடியோ கேம்ஸ்' பாடத்தின் (எண் சிஎம்எஸ்.611ஜே) வகுப்புக் காணொளிகள் அதன் இலவசப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேரில் இருக்கின்றன. பதிவு வேண்டாம், பணம் வேண்டாம். சான்றிதழ் மட்டும் தரமாட்டார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய கேம் டிசைன் துறையான கேம் சென்டரும் தன் விருந்தினர் உரைகள் பலவற்றை யூடியூபில் ஏற்றியிருக்கிறது. கேம் டிசைன் கற்க நினைக்கும் பலர் இந்த இரண்டில்தான் தொடங்குகிறார்கள். உரைகளை வரிசையாகப் பார்த்து முடித்த பிறகும் கையில் ஒரு ஆட்டம்கூட இருக்காது என்பதுதான் சிக்கல். எதைப் பார்ப்பது, எதைத் தாண்டிப்போவது, பார்த்த பிறகு என்ன செய்வது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எம்ஐடி பாடத்தை முதலில் வைக்கலாம். மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து கேம் செய்வதுதான் இதன் முதுகெலும்பு. உரைகள் அந்த வேலைக்குத் துணை. கேமை வெளியாட்களிடம் கொடுத்து ஆடவைத்துச் சோதிக்க வேண்டும், தாங்கள் எடுத்த முடிவுகளை அந்தச் சோதனையில் கிடைத்த தகவலைக் காட்டி நியாயப்படுத்தவும் வேண்டும் என்பது கட்டாயம். அந்தப் பருவத்தின் இறுதித் திட்டத்துக்குச் செஞ்சிலுவை, செம்பிறை அமைப்புகளின் தட்பவெப்ப மையமே வாடிக்கையாளர். அதனால் அங்கிருந்து வந்தவரின் பேச்சு 'என் வெற்றிக்கதை' வகையாக இல்லை. 'எங்களுக்கு இந்தத் தேவை இருக்கிறது, இதற்கு ஆட்டம் செய்யுங்கள்' என்ற வேண்டுகோளாக இருந்தது. விருந்தினரை அழைக்க இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது. கேட்பவர் கையில் அடுத்த நாளே வேலை இருக்கும்.

குறையும் உண்டு. 2014க்குப் பிறகு மென்பொருள்கள் வெகுதூரம் மாறிவிட்டன. கருவிகள் பற்றிய பேச்சு வரும் இடங்களை ஓட்டிவிடலாம். குழு வேலை, சோதனை, திட்டத்தின் அளவைக் குறைப்பது ஆகியவை பற்றிய பகுதிகள் பழசாகவில்லை. தனியாகப் பார்ப்பவருக்குக் குழு கிடைக்காது என்பதுதான் பெரிய இழப்பு. குறைந்தது இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பார்க்கத் தொடங்குங்கள். கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு அதே தளத்தில் சிஎம்எஸ்.608 என்ற பாடம் இருக்கிறது. அது முழுக்க அட்டை, பலகை ஆட்டங்களை வடிவமைப்பது பற்றியது. புதியவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம் என்பது எங்கள் கருத்து.

கேம் சென்டர் உரைகளின் சுவை வேறு. ஆட்டங்களை உருவாக்கியவர்களே வந்து பேசுவதால் ஆழம் இருக்கிறது. ஆனால் பேசப்படும் ஆட்டத்தை ஆடாமல் உரையைக் கேட்பது, சமைத்த சாப்பாட்டைப் பார்க்காமல் செய்முறை விளக்கம் கேட்பதுபோலத்தான். முதலில் ஒரு மணி நேரமாவது ஆடுங்கள். உரையில் ஒரு விதியை ஏன் மாற்றினார்கள் என்று சொல்லும் இடம் வந்தால் நிறுத்தி, மாற்றத்துக்கு முன் என்ன, பின் என்ன, எந்தச் சோதனையில் தெரிந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். ஒரு மணி நேர உரையில் இப்படி ஒரு இடம்கூட வரவில்லையென்றால் அது விளம்பர உரை.

இனி பயிலரங்குக்கு வருவோம். இந்த வகையில் இன்றுவரை மிகப் பயனுள்ளதாக நிற்பது எம்டிஏ (மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஈஸ்தெடிக்ஸ்) முறை. ராபின் ஹூனிக்கே, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் ஸூபெக் மூவரும் 2004இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய முறை இது. 2001 முதல் 2004 வரை சான் ஹோசே கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் நடந்த பயிலரங்கிலிருந்து வளர்ந்தது. விதிகள், அவை ஓடும்போது உண்டாகும் நடத்தை, அதனால் ஆடுபவருக்கு வரும் உணர்வு என மூன்று அடுக்குகள். வடிவமைப்பவர் விதியிலிருந்து தொடங்குகிறார், ஆடுபவரோ உணர்விலிருந்து தொடங்குகிறார். கட்டுரையிலேயே மோனோபோலி எடுத்துக்காட்டாக வருகிறது. நம் வீடுகளில் டிரேட், பிசினஸ் என்ற பெயர்களில் ஆடுவோமே, அந்தக் குடும்பம்தான். பணம் சேர்ந்தவரிடமே மேலும் பணம் சேரும் விதி. அதனால் ஒருவர் முந்திய பிறகு மற்றவர்களுக்கு ஆட்டத்தில் பிடிப்பு போய்விடுகிறது. பின்தங்கியவருக்கு உதவியோ, முந்தியவருக்கு வரியோ வைத்துப் பார்க்கலாம் என்கிறது கட்டுரை.

அந்தப் பயிலரங்கில் பங்கேற்றவர்கள் கையில் கொடுக்கப்பட்டது 'சிஸ்ஸிஃபைட் 3000'. 2000இல் வந்த 'சிஸ்ஸிஃபைட் 2000' என்ற இணைய ஆட்டத்தின் மேசை வடிவம் இது. பள்ளி மைதானத்தில் சிறுமிகள் ஒருவரையொருவர் மட்டம்தட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 10 தன்மானப் புள்ளிகள். எல்லோரும் ஒரே நேரத்தில் ரகசியமாகச் செயலைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஒன்றாகத் திறக்க வேண்டும். இதில் கேலி செய்வது என்ற செயலைக் கவனியுங்கள். ஒருவர் தனியாகக் கேலி செய்தால் பலனில்லை. இரண்டு பேராவது ஒரே ஆளைக் குறிவைத்தால்தான் அடி விழும். இந்த ஒரே விதியிலிருந்து கண்ஜாடை, கூட்டணி, துரோகம் எல்லாம் தானாகப் பிறக்கின்றன. 'கூட்டணி சேருங்கள்' என்று விதிப்புத்தகத்தில் எங்கும் எழுத வேண்டியதில்லை. எம்டிஏவின் மூன்று அடுக்கும் பத்தே நிமிடத்தில் கண்முன் தெரிந்துவிடும்.

இதைக் கல்லூரியில் நடத்த மூன்று மணி நேரம் போதும். மேசைக்கு 5 பேர். வெற்று அட்டை 60, எண்ணுவதற்குப் புளியங்கொட்டையோ பட்டனோ 50, மார்க்கர் 2, ஒரு கடிகாரம். முதல் 25 நிமிடம் உள்ள விதிகளோடே ஆட்டம். அடுத்த 15 நிமிடம் என்ன உணர்வு வந்தது என்று மட்டும் பேச்சு. 'நன்றாக இருந்தது' என்ற சொல்லுக்குத் தடை, ஏனென்றால் அதைவைத்து எந்த விதியையும் திருத்த முடியாது. பிறகு ஒவ்வொரு மேசைக்கும் ஓர் இலக்கு உணர்வு: சந்தேகம், தோழமை, அவசரம், இப்படி. அதை எட்ட 40 நிமிடத்தில் விதியை மாற்ற வேண்டும். பின் 30 நிமிடம் மேசை மாறி உட்கார்ந்து அடுத்தவர் ஆட்டத்தைச் சோதிப்பது, 25 நிமிடம் திருத்தம், மறுபடி 20 நிமிடச் சோதனை. மீதமுள்ள நேரம் கலந்துரையாடலுக்கு.

கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் இவைதான். மூன்று விதிகளை ஒரே சுற்றில் மாற்றிவிடுவார்கள். பிறகு ஆட்டம் கெட்டது எதனால் என்று யாருக்கும் தெரியாது. சுற்றுக்கு ஒரு மாற்றம் என்று அறிவித்துவிடுங்கள். சிலர் கதைக்கும் பாத்திரப் பெயர்களுக்குமே 40 நிமிடத்தையும் செலவழிப்பார்கள். எல்லாவற்றையும்விடக் கேடு, சோதனையின்போது செய்தவரே பக்கத்தில் உட்கார்ந்து 'அப்படி இல்லை, இப்படி ஆடணும்' என்று சொல்லிக்கொடுப்பது. அங்கேயே சோதனை செத்துவிடுகிறது. செய்தவர் வாய் திறக்கக்கூடாது. ஒரு தாளில் மணி, ஆடுபவர் செய்தது, சொன்னது என மூன்று பத்தி கோடு போட்டு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடுபவர் தயங்கிய நேரமும் அந்தத் தாளில் வர வேண்டும். விதி புரியாத இடத்தைத் தயக்கம்தான் முதலில் காட்டும்.

கணினிப் பயிலரங்கு வேண்டுமென்றால் கார்னெகி மெலனில் 2005இல் நான்கு மாணவர்கள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டைப் பின்பற்றலாம்: ஒரு ஆட்டத்தை ஒருவரே செய்ய வேண்டும், ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும், புவியீர்ப்பு போன்ற பொதுக் கருப்பொருள் இருக்க வேண்டும். ஒரே பருவத்தில் 50க்கு மேல் ஆட்டங்கள் வந்தன. அதில் ஒன்றான 'டவர் ஆஃப் கூ'தான் 2008இல் 'வேர்ல்ட் ஆஃப் கூ' ஆக வளர்ந்தது.

துறை சார்பில் விருந்தினரை அழைப்பவர்கள் தேதி கேட்கும் முன்னரே இரண்டைக் கேட்டுவிடுங்கள்: கைவிட்ட முன்மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து காட்ட முடியுமா? உரை முடிந்ததும் மாணவர் ஆட்டங்களில் நான்கை, ஆட்டத்துக்கு 15 நிமிடம், ஆடிப்பார்த்துச் சொல்ல முடியுமா? நிறுவன ஒப்பந்தத்தால் முன்மாதிரியைக் காட்ட முடியாது என்று சிலர் சொல்வது நியாயமே. அவர்களிடம் உரையை 30 நிமிடமாகச் சுருக்கச் சொல்லி, மாணவர் ஆட்டங்களுக்கு அந்த நேரத்தைக் கொடுத்துவிடலாம். கேம் என்ஜின் (ஆட்டம் உருவாக்கும் மென்பொருள்) பயிற்சி என்றால் பதிப்பு எண்ணை ஒரு வாரம் முன்பே அறிவித்து, எல்லா மடிக்கணினியிலும் ஏற்றி ஒரு வெற்றுத் திட்டம் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிறுவும் கோப்பை இரண்டு பென் டிரைவில் வைத்திருங்கள். 40 பேர் ஒரே வைஃபையில் பல ஜிபி இறக்கத் தொடங்கினால் காலை அமர்வு அதிலேயே போய்விடும்.