கால்வாய்க்கரை, ஏரிக்கரை, காட்டு ரோடு: கிருஷ்ணகிரியில் எங்கே ஓடுவது?

கிருஷ்ணகிரியில் காலையில் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் மாவட்ட விளையாட்டரங்கத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மீதிப் பேர் சர்வீஸ் ரோட்டில் லாரிப் புகையை விழுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டும் அலுத்துப்போனவர்கள் அடுத்துக் கேட்பது மூன்று இடங்களைப் பற்றித்தான்: கே.ஆர்.பி. அணை என்கிற கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே தென்பெண்ணை ஆற்றங்கரை, அவதானப்பட்டி ஏரி, மகராஜகடை காட்டுப் பக்கம். எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று கேட்டால் உண்டு.

முதலில் ஆற்றங்கரை. தண்ணீரை ஒட்டியே ஓடலாம் என்ற நினைப்போடு வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆற்றை ஒட்டிப் பெரும்பாலும் பாறையும் மணலும் சீமைக்கருவேல முள்ளும்தான். ஓடுவதற்கு உகந்த தடம் ஆற்றங்கரையில் இல்லை, கால்வாய்க்கரையில் இருக்கிறது. காமராஜர் முதல்வராக இருந்தபோது 1957-ல் திறக்கப்பட்ட இந்த அணையிலிருந்து இடது, வலது என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. இரண்டும் சேர்ந்து 9,012 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாகவே போய்ச் சேர வேண்டும் என்பதால், கால்வாயை மிக மெல்லிய சரிவில், நிலத்தின் மட்டத்தை ஒட்டி வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறார்கள். அதன் கரையும் அப்படியேதான் போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடும் குன்றுமாக இருக்கும் இந்த ஊரில், ஏற்றமே தெரியாமல் நெடுந்தூரம் போக முடிகிற தடம் எனக்குத் தெரிந்து இதுதான். ஒரே வேகத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓடிப் பழக வேண்டுமென்றால் வேறு இடம் தேட வேண்டியதில்லை.

முதல் போகத்துக்குப் பெரும்பாலும் ஜூலையில் தண்ணீர் திறப்பார்கள். அதற்கப்புறம் கால்வாய்க்கரையின் முகமே மாறிவிடும். ஒரு பக்கம் ஓடும் தண்ணீர், மறு பக்கம் நாற்று நட்ட வயல், நடுவில் தென்னை நிழல். ஏழு மணி வெயிலும் அங்கே உறைக்காது. தண்ணீர் இல்லாத ஏப்ரல், மே மாதங்களில் அதே கரை வெறும் புழுதி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டிராக்டர் சக்கரம் பதிந்த தடம் மழையில் ஊறி, பிறகு காய்ந்து, விளிம்பு கத்தியாகிக் கிடக்கும். இருட்டில் கணுக்கால் பிசகினால் அங்கேதான் பிசகும். பல இடங்களில் கரை வயல் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. அதனால் போன வழியிலேயே திரும்பி வருவது நல்லது, இரண்டு காலுக்கும் சாய்வு சமமாகப் பங்கிடப்படும். அப்புறம் நாய்கள். தோட்டத்து வீட்டு நாய் உங்களை ஓட்டக்காரராகப் பார்க்காது. ஓட்டத்தை நிறுத்தி, நடந்து கடந்துபோனால் பெரும்பாலும் குரைப்போடு விட்டுவிடும். நாற்றுக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த பாட்டி ஒருவர் வழிமறித்துக் கேட்டார்: "எங்க சாமி இவ்ளோ அவசரம்? பஸ்ஸ விட்டுட்டியா?" உடம்புக்காக ஓடுகிறேன் என்றேன். "உடம்புக்குன்னா வயலுக்கு வாயேன், நடவுக்கு ஆள் பத்தல" என்றார். நியாயமான யோசனைதான்.

அணைக்குப் பக்கத்தில் சில நாள் நாற்றமடிக்கும். பெங்களூரு பக்கத்துக் கழிவு கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதே தென்பெண்ணைதான் இங்கேயும் வருகிறது. அணையிலிருந்து உபரிநீர் திறக்கும்போது கிருஷ்ணகிரி, தர்மபுரி முதல் கடலூர் வரை ஐந்து மாவட்டங்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுவது வழக்கம். 2017 நவம்பரில் எட்டு மதகுகளில் ஒன்று உடைந்து, சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வெளியேறியதும் உண்டு. எச்சரிக்கை நாட்களில் காவேரிப்பட்டணம், பெண்ணேஸ்வரமடம் பக்கம் ஆற்றில் இறங்கிக் குறுக்கே போகும் யோசனையே வேண்டாம். கால்வாய்க்கரையோடு நின்றுகொள்ளுங்கள்.

அவதானப்பட்டி ஏரி ஊருக்குப் பக்கம் என்பதே அதன் பெரிய பலம். தர்மபுரி போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. படகு இல்லம், பூங்கா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எல்லாம் ஒரு பக்கம். ஓடுகிறவருக்கு வேண்டியது தண்ணீர் ஏறி இறங்கும் சதுப்பான ஓரம். சம்பும் கோரையும் மண்டிய அந்த ஓரத்தில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் தாழைக்கோழியும் காலையில் தவறாமல் இருக்கும். பறவை பார்ப்பதும் ஓட்டமும் ஒன்றாக நடக்காது என்பது வேறு விஷயம். நான் நின்றுவிடுவேன்.

தூரம் போதாது என்பதுதான் அங்கே சிக்கல். கரையில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஏரி வண்டல் ஷூவின் அடியில் அப்பி, அடிக்கு அடி கனம் கூடிக்கொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் தோசைக்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஆகிவிடும். லாரி ஹாரன் வேறு விடாது. ஆனாலும் காயத்திலிருந்து மீள்கிறவர்களுக்கும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் காய்ந்த நாளில் இந்த மண்கரை தார் ரோட்டைவிட எவ்வளவோ மேல். முட்டி நன்றி சொல்லும்.

காடு என்றால் மகராஜகடை. ஆந்திர எல்லைப் பக்கம், ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. பாராமகால் என்பது இந்த வட்டாரத்தின் பழைய பெயர், அதன் கோட்டைகளில் ஒன்று நிற்கும் மலை அது. மூன்றில் அழகு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஏற்ற இறக்கம் இருப்பதால் தொடை உரம் பெறவும் இதுவே இடம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், அதனால் ஓட்டம் தார் ரோட்டோடு சரி. மாங்காய் சீசனில் தோப்புகளிலிருந்து லோடு ஏற்றிய வண்டிகள் வரும், அதற்கும் ஒதுங்க வேண்டும்.

ஆனால் யானை இருக்கிறதே. அக்டோபர் வாக்கில் கர்நாடகக் காடுகளிலிருந்து தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் கூட்டம் கூட்டமாக இறங்கும். ராகி அறுவடை முடியும் ஜனவரி, பிப்ரவரி வரை இந்த மாவட்டத்தில்தான் சுற்றும். சில யானைகள் சூளகிரி தாண்டி இந்தப் பக்கமும் வந்துவிடும். இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் காட்டுக்குத் திரும்புவது அதன் வழக்கம். நாம் ஆசைப்பட்டுக் கிளம்பும் ஐந்து மணி, அது ரோட்டைக் கடக்கும் நேரம். கரடிக்கும் அதே நேரம்தான். "வெளிச்சம் நல்லா வந்தப்புறம் வாங்கண்ணா, காதுல அது வேண்டாம்" என்று ஒரு வனக்காவலர் என் இயர்போனைக் காட்டிச் சொன்னார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, விடிந்த பிறகே போகலாம் என்றால் கோடை குறுக்கே நிற்கிறது. இது இலையுதிர்க்காடு. மார்ச்சில் மரங்கள் மொட்டையாக நிற்கும், பெயருக்குத்தான் காடு, நிழல் இருக்காது. எட்டு மணிக்கே பாறை சூடேறிவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆறரைக்கு மேல், இரண்டு மூன்று பேராகப் போவதற்கு மட்டுமே மகராஜகடை ஒத்துவரும். அப்போதும் முதல் நாள் ஊர்க்காரர்களிடம் யானை நடமாட்டம் கேட்டுக்கொண்டுதான்.

வாரநாள் ஓட்டத்துக்கு நான் கால்வாய்க்கரையைத்தான் சொல்வேன். ஏரி, நேரமில்லாத நாளுக்கு. காடு, பருவம் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு. தை மாதத்தில் மட்டும் மூன்று இடத்துக்கும் போகும் வழியில் ஒரு எச்சரிக்கை: கிராமத்து ரோடுகளில் ராகித்தாளையும் கொள்ளுச்செடியையும் வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பியிருப்பார்கள். காய்ந்த கொள்ளு ஷூவுக்கு அடியில் குண்டுமணியாக உருளும். ஓரமாக இறங்கி நடந்துவிடுங்கள், பரப்பியவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.