நெல்லைக்குப் பறக்க: தூத்துக்குடியா, மதுரையா?

திருநெல்வேலியில் விமான நிலையம் இல்லை. சென்னையிலிருந்து பறக்க நினைப்பவர் தூத்துக்குடியிலோ மதுரையிலோ இறங்க வேண்டும். டிக்கெட்டில் மதுரைக்குக் குறைந்த நேரம் போட்டிருப்பதைப் பார்த்து நானும் ஒருமுறை ஏமாந்தேன்.

வான்வழியில் சென்னை–மதுரை ஏறக்குறைய 420 கி.மீ., சென்னை–தூத்துக்குடி 525 கி.மீ. அந்த நூறு கி.மீ. வித்தியாசம் வானத்தில் பெரிதில்லை. ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன புரொப்பெல்லர் விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும், பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான். மதுரைக்கு ஜெட் கிடைத்தாலும் மேலே ஏறி நிமிர்வதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே அல்ல. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்து நிற்பதும் அதில் அடக்கம்.

கணக்கு மாறுவது தரையில். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் இறங்கினால் நெல்லை முப்பத்தைந்து கி.மீ.க்குள், முக்கால் மணியில் ஜங்ஷன். மதுரையில் இறங்கினால் நூற்றைம்பது கி.மீ.க்கு மேல். டாக்சிக்காரரிடம் பேரம் பேசி ஏறி, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று மூன்று சுங்கச்சாவடிகளைக் கடந்து ஊர் சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வானத்தில் மிச்சம் பிடித்த கால் மணி நேரம் கப்பலூரைத் தாண்டும் முன்பே கரைந்துபோனது.

வீட்டுவாசலிலிருந்து வாசல்வரை என் கணக்கில் தூத்துக்குடி வழி ஐந்து மணி நேரம், மதுரை வழி ஏழு. வந்தே பாரத் ரயில் எழும்பூரிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் நெல்லையில் விட்டுவிடும். அப்படியிருக்க மதுரை விமானத்துக்கும் டாக்சிக்கும் சேர்த்துக் காசு கொடுப்பானேன்?

விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் போகிறவர்களுக்கு மதுரைதான் சரி. அங்கே விமானங்களும் அதிகம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது உண்டு. விமானங்கள் குறைவு என்பதுதான் தூத்துக்குடியின் பலவீனம். வெகுகாலம் அதன் ஓடுபாதை 1,350 மீட்டர்தான், ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானங்களைத் தவிர வேறெதுவும் வரவில்லை. ஏ.டி.ஆரில் பின்பக்கக் கதவு வழியாக ஏறி, பக்கத்துக்கு இரண்டாகப் போட்ட இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். ஆனால் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் கடலும் உப்பளங்களும் மறைக்காமல் தெரியும். அதற்காகவே எனக்கு அந்தச் சின்ன விமானம் பிடிக்கும். 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தபோது ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டிருந்தது. ஏர்பஸ் தாராளமாக இறங்கும் நீளம் அது.

போகும்போது தூத்துக்குடி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரும்பும்போது மட்டும் நெல்லை எக்ஸ்பிரஸ். அம்மா கட்டிக்கொடுக்கும் அரிசியும் முறுக்கு டின்னும் அல்வாவும் விமானத்தின் 15 கிலோ கணக்குக்குள் ஒருநாளும் அடங்கியதில்லை.